மும்முனையின் கதை – 17: ஒற்றைக் கம்பியில் ஓடும் ரயில்

மௌலா அலி ரயில் நிலையத்தில் அண்ணாந்து பார்த்தால், ஒரு தண்டவாளத்துக்கு மேலே மின்சாரம் கொண்டுவருவது ஒரே ஒரு முனைதான். 25,000 வோல்ட் அந்த வழியாக வரும். எஞ்சினுக்குள் வேலை முடிந்ததும் தண்டவாளம் வழியாகவும் மண் வழியாகவும் திரும்பிப் போகும். நிலையத்துக்கு வெளியே தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால் கம்பத்துக்கு மூன்று கம்பி. இந்த ஒன்றுக்கும் அந்த மூன்றுக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் இழுபறிதான் இந்த வாரக் கதை.

ஹைதராபாத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மௌலா அலி என்றதும் குன்றையும், அதன் உச்சியில் உள்ள தர்காவையும், அடிவாரத்தில் அடங்கியிருக்கும் கவிஞர் மாஹ் லக்கா பாய் சந்தாவையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியவை வேறு. செகந்திராபாத்திலிருந்து காஜிப்பேட்டை போகும் பாதையில் இருக்கும் இந்த இடத்தில் ரயில்வேயின் லோகோ ஷெட் இருக்கிறது, பயிற்சி நிலையம் இருக்கிறது, சுற்றிலும் லேத்தும் பம்பும் ஓடும் பட்டறைகள் இருக்கின்றன, 220 கிலோவோல்ட் துணைமின் நிலையமும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் கீழே கருங்கல் பாறை. பாறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சென்ற அத்தியாயங்களில் நாம் பார்த்தது சமநிலை உலகம். ஆர், ஒய், பி என்ற மூன்று முனைகளும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி. அதனால் ஒரு முனைக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும். மற்ற இரண்டும் அதன் நகல். மூன்று முனையும் ஒரே நேரத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும் பழுதுக்கும் இந்தக் கணக்கு செல்லும். ஆனால் அப்படிப்பட்ட பழுது லைனில் அபூர்வம். பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும் விகிதத்தில் அது நூற்றுக்கு ஐந்து. எழுபது முதல் எண்பது வரை ஒரே ஒரு முனை மண்ணைத் தொடும் பழுது, அதாவது இன்சுலேட்டரில் வெடிப்பு, மரக்கிளை, பாம்பு, சங்கராந்தி சமயத்தில் ஹைதராபாத் வானத்தை நிறைக்கும் பட்டங்களின் மாஞ்சா. மிச்சம், இரண்டு கம்பிகள் காற்றில் உரசிக்கொள்வதும், உரசியபடி மண்ணைத் தொடுவதும். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு உதவாத கணக்கை வைத்துக்கொண்டுதான் 1910கள் வரை பொறியாளர்கள் காலம் தள்ளினார்கள். முனைக்கு ஒரு சமன்பாடு எழுதி, மூன்றும் ஒன்றையொன்று பாதிப்பதையும் சேர்த்து எழுதி, தாள் தாளாக நிரப்பி விடை கண்டார்கள். ஜெனரேட்டரும் மோட்டாரும் சுழல்பவை என்பதால், அந்த முறையில் அவை சரியாக அடங்கவும் இல்லை.

விடிவு மின் நிலையத்திலிருந்து வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அது வந்தது ரயிலிலிருந்து.

கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில் யார்க் ஃபேக்டரி என்றொரு விலங்குரோமத் தோல் வணிகக் கோட்டை. அங்கே ஹட்சன்ஸ் பே கம்பெனி அதிகாரிக்கு 1876இல் பிறந்தவர் சார்ல்ஸ் லெகெய்ட் ஃபோர்ட்டெஸ்க்யூ. குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து 1898இல் வெளிவந்து வெஸ்டிங்ஹவுஸில் சேர்ந்தார். 1913இன் பிற்பகுதியில் அவர் மேசைக்கு ஒரு சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் வெஸ்டிங்ஹவுஸ் ஒரு வகை மின்ரயில் எஞ்சினை உருவாக்கிக்கொண்டிருந்தது. மேலே ஒற்றைக் கம்பி, எஞ்சினுக்குள்ளே மும்முனை மோட்டார். ஒன்றை மூன்றாக்க எஞ்சினுக்குள் சுழலும் இயந்திரம் ஒன்று, முனைமாற்றி. 1915இல் அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையில் நிலக்கரி ரயில்களை இழுக்கத் தொடங்கிய எஞ்சின்கள் இந்த வகைதான். முனைமாற்றி தரும் மூன்று முனைகளும் ஒருபோதும் சரிசமமாக அமையாது. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அப்படிச் சமனற்ற மின்சாரத்தில் மோட்டார் எப்படி நடந்துகொள்ளும்? இதுதான் ஃபோர்ட்டெஸ்க்யூவின் கேள்வி.

இந்தக் கேள்வி நம்மூர் விவசாயிக்குத் தெரியாததல்ல. மும்முனை மின்சாரம் வராத நேரத்தில், இருக்கிற இருமுனையில் கண்டன்சர் மாட்டி மூன்றாவது முனையை உண்டாக்கிக் கிணற்று மோட்டாரை ஓட்டுவது தமிழ்நாட்டில் எத்தனை தோட்டங்களில் நடந்தது! மோட்டார் ஓடும், தண்ணீரும் வரும், ஆனால் காயில் சூடேறும், ஒரு நாள் புகையும். காயில் கட்டும் கடைக்காரருக்கு அது வருமானம். சூடேறுவது ஏன் என்பதைத்தான் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒருவர் கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் கண்டது இது. அளவிலும் கோணத்திலும் ஒழுங்கில்லாத மூன்று மின்னோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை எப்போதும் மூன்று ஒழுங்கான கூட்டங்களாகப் பிரித்துவிடலாம். முதல் கூட்டம் வழக்கமான ஆர், ஒய், பி வரிசையில் சுழலும் சமநிலை மும்முனை. பொறியாளர்கள் இதை பாசிட்டிவ் சீக்வென்ஸ் என்பார்கள், நாம் நேர்வரிசை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, அதே போல் சமநிலை, ஆனால் ஆர், பி, ஒய் என்று தலைகீழ் வரிசை, எதிர்வரிசை. மூன்றாவதில் சுழற்சியே கிடையாது, மூன்று முனையிலும் ஒரே அளவு, ஒரே கணத்தில், ஒரே திசையில், சுழிவரிசை. மூன்றையும் கூட்டினால் பழைய ஒழுங்கின்மை அப்படியே திரும்பக் கிடைக்கும், மீதி எதுவும் இராது.

மோட்டாரின் கதி இதில் உடனே தெரிந்துவிடுகிறது. நேர்வரிசை ரோட்டரை முன்னே இழுக்கிறது. எதிர்வரிசை உண்டாக்கும் காந்தப்புலம் பின்னோக்கிச் சுழல்கிறது. செக்கில் ஒரு பெரிய மாட்டைப் பூட்டிவிட்டு, எதிர்த் திசையில் இழுக்க ஒரு கன்றையும் பூட்டிய மாதிரி. செக்கு சுற்றும், ஆனால் கன்றின் இழுப்பு வீணாவதோடு நிற்காது, சூடாக மாறும். அதிலும் எதிர்வரிசைக்கு மோட்டார் காட்டும் மின்மறுப்பு மிகக் குறைவு, ஏறக்குறைய நின்றிருக்கும் மோட்டாருக்குச் சமம். மோட்டார் புறப்படும்போது வழக்கமான ஓட்டத்தைப் போல் ஆறு மடங்கு இழுப்பதை நாம் அறிவோம். ஆகவே எதிர்வரிசை மின்னழுத்தம் வெறும் 1 விழுக்காடு இருந்தாலே எதிர்வரிசை மின்னோட்டம் 6 விழுக்காடு ஓடும். மீட்டரைப் பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரியாத கோணல் காயிலை வேகவைப்பது இப்படித்தான்.

இதை ஃபோர்ட்டெஸ்க்யூ மோட்டாரோடு நிறுத்தவில்லை. அவருக்குச் சற்று முன்பே நெதர்லாந்துக்காரரான ஸ்டோக்விஸ் போன்றவர்கள் முன்னும் பின்னும் சுழலும் இரண்டு கூட்டங்களாகப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். ஃபோர்ட்டெஸ்க்யூ சுழிவரிசையையும் சேர்த்து, மூன்று என்ன, எத்தனை முனையானாலும் செல்லும் பொது விதியாக்கினார். முதல் உலகப் போர் முடியாத நேரம், 1918 ஜூன் 28. அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் மாநாட்டில் கட்டுரையைப் படித்தார். அச்சில் ஏறத்தாழ 90 பக்கம். விவாதத்தையும் சேர்த்தால் நூறைத் தாண்டும். விவாதித்தவர்களில் ஸ்டைன்மெட்ஸும் சார்ல்ஸ் ஸ்காட்டும் உண்டு. மாறுமின் கணிதத்தின் தலைமகன் ஸ்டைன்மெட்ஸ். ஸ்காட், மும்முனையை இருமுனையாக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பைக் கண்டவர். ரயிலுக்கு அந்த இணைப்பு எவ்வளவு உதவப்போகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. கட்டுரையைப் படிப்பது சுலபமில்லை. கணிதம் முரடு. அதில் இருப்பது மின்லைன் பழுதுக்கான சாவி என்பதைப் பொறியாளர் உலகம் உணர்ந்து கையில் எடுத்ததும் 1920களில்தான். வெஸ்டிங்ஹவுஸின் வாக்னரும் எவன்ஸும் 1933இல் நூலாக்கிய பிறகு அது வகுப்பறைக்கு வந்தது.

சாவி என்றேனே, அது எந்தப் பூட்டைத் திறக்கிறது? லைனும் டிரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் சமச்சீராகச் செய்யப்பட்டவை. அதனால் அவற்றில் மூன்று வரிசைகளும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை. ஒவ்வொன்றும் தன் தனி வலைப்பின்னலில் ஓடுகிறது. மூன்றும் சந்திக்கும் ஒரே இடம் பழுது நடந்த புள்ளி. ஒரு முனை மண்ணைத் தொட்டால் மூன்று வலைப்பின்னல்களையும் தொடராக இணை. இரண்டு முனைகள் தமக்குள் மட்டும் உரசினால் சுழிவரிசையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் இணை. இரண்டு முனைகள் மண்ணையும் சேர்ந்து தொட்டால் மூன்றையும் பக்க இணைப்பாக்கு. அவ்வளவுதான் வேலை. மூன்று முனை ஒன்றோடொன்று சிக்கிய குழப்பம் பள்ளி இயற்பியலின் தொடர், பக்க இணைப்பாகச் சுருங்கிவிட்டது. இந்தத் தொடரில் இதுவரை எழுதியதில் அழகான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் நம் நாட்டுத் துணைமின் நிலையங்களில் பார்க்கக்கூடியவை. 33/11 கிலோவோல்ட், 5 எம்.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், மின்மறுப்பு 7.15 விழுக்காடு. 33 பக்கம் டெல்ட்டா, 11 பக்கம் ஸ்டார், நியூட்ரல் நேரடியாக எர்த். 33 கிலோவோல்ட் பஸ்ஸில் பழுதுத் திறன் 500 எம்.வி.ஏ. 11 கிலோவோல்ட் பஸ்ஸிலேயே மூன்று முனையும் சேர்ந்து பழுதானால் 3,220 ஆம்பியர் ஓடும். இரண்டு முனை உரசினால் 2,790. ஒரே ஒரு முனை மண்ணைத் தொட்டால்? 3,360. ஒற்றை முனைப் பழுது மும்முனைப் பழுதை மிஞ்சுகிறது! காரணம் டெல்ட்டா. 33 பக்கத்தின் மின்மறுப்பு சுழிவரிசைக்கு இல்லை, டெல்ட்டா அதை அங்கேயே அடைத்துவிடுகிறது. சுழிவரிசைக்கு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான் தடை.

அந்த 11 கிலோவோல்ட் பஸ்ஸிலிருந்து கிளம்பும் ஃபீடரில் 5 கிலோமீட்டர் போங்கள். லைனின் மின்மறுப்பு கிலோமீட்டருக்கு 0.36 ஓம் என்றும், மண் வழியே திரும்பும் சுழிவரிசைக்கு அதைப் போல் மூன்று மடங்கு என்றும் வைப்போம். இப்போது மும்முனை 1,680, இருமுனை 1,460, ஒற்றை முனை 1,300. முதலில் நின்ற ஒற்றை முனை கடைசிக்குப் போய்விட்டது. பிரேக்கரின் வலிமையைப் பஸ்ஸில் நடக்கும் பழுதைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். ரிலே எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவேண்டும் என்பதைக் கடைக்கோடிப் பழுதைப் பார்த்து. 1918க்கு முன் இந்த இரண்டு எண்களையும் ஒரு மாலையில் போட்டுவிட யாராலும் முடிந்திருக்காது.

இனி ரயில் மௌலா அலிக்கு வந்த கதை. இந்தியாவின் முதல் மின்ரயில் 1925இல் பம்பாயில் ஓடியது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல். இரண்டும் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். மும்முனை மின்சாரத்தை வாங்கி நேர்மின்சாரமாக்கும்போது மூன்று முனையிலிருந்தும் சமமாகத்தான் இழுக்கப்படும். மின்வாரியத்துக்கு அதனால் கோணல் இல்லை. ஐரோப்பாவில் மாறுமின் ரயில் ஓட்டிய நாடுகளில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்றவை ரயிலுக்கென்றே குறைந்த அதிர்வெண்ணில் தனி மின்வலை வைத்திருந்தன. அங்கே எழுந்த கோணல் அந்த வேலிக்குள்ளேயே கிடந்தது. பிரான்ஸ் 1950களில் வேலியை எடுத்துவிட்டது. ஊருக்கு வரும் அதே 50 ஹெர்ட்ஸ், அதிலிருந்து நேராக 25 கிலோவோல்ட். செலவு குறைவு, தாமிரம் குறைவு. 1957இல் இந்தியா அதையே தேர்ந்தெடுத்தது. 1959 டிசம்பரில் ராஜ்கர்சவான் பகுதியில் முதல் பாதை. சென்னைப் புறநகர்ப் பாதையும் 1960களில் இதற்கு மாறியது. செகந்திராபாத், காஜிப்பேட்டைப் பாதையில் கம்பி ஏறியது 1990களில்.

ரயில்வேயின் துணைமின் நிலையம் மாநில மின்வலையின் 132 கிலோவோல்ட்டில் இரண்டு முனைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வழக்கமான டிரான்ஸ்ஃபார்மர் 21.6 எம்.வி.ஏ. நிஜாம் காலத்தில், 1920இல், ஹுசேன் சாகர் கரையில் எழுந்த அனல்மின் நிலையத்தின் உச்சத் திறனே 22.5 மெகாவாட். ஒரு காலத்தில் ஹைதராபாத் நகரத்துக்கே சோறு போட்ட அளவு மின்சாரம் இன்று ஒரு ரயில் டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு, அதுவும் இரண்டு முனையில் மட்டும். நிஜாமின் ஜெனரேட்டர்களில் இதை மாட்டியிருந்தால் அவை தாங்கியிருக்காது. எதிர்வரிசை மின்னோட்டம் ஜெனரேட்டரின் ரோட்டர் மேற்பரப்பில் 100 ஹெர்ட்ஸ் சுழல் மின்னோட்டங்களைக் கிளப்பி இரும்பை எரிக்கும். இரண்டு முனைக்கு நடுவே மாட்டிய சுமையில் எதிர்வரிசையும் நேர்வரிசையும் சரிபாதி.

இன்றைய மின்வலை தாங்குகிறது, அதன் பருமனால். கணக்கு எளிது: ரயில் இழுக்கும் எம்.வி.ஏ.வை அந்தப் பஸ்ஸின் பழுதுத் திறனால் வகுத்தால் மின்னழுத்தக் கோணல் கிடைக்கும். 2,000 எம்.வி.ஏ. உள்ள பஸ்ஸில் 21.6 முழுதும் ஓடினால் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். மோட்டாருக்கு 6 விழுக்காடு என்று முன்னே பார்த்தோமே, அது ஞாபகம் இருக்கட்டும். ரயில்வே தன் பங்குக்கு ஒன்று செய்கிறது: அடுத்தடுத்த துணைமின் நிலையங்களை ஆர்–ஒய், ஒய்–பி, பி–ஆர் என்று மாற்றி மாற்றி மாட்டுகிறது. மூன்றிலும் ஒரே எடை இருந்தால் கோணல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். ஆனால் சரக்கு ரயில் மின்வாரியத்தின் வசதி பார்த்து வருவதில்லை. ஒரு பகுதியில் மூன்று ரயில், அடுத்ததில் ஒன்றுமே இல்லை என்பதுதான் நடப்பு. முனை மாறும் எல்லையில் நியூட்ரல் செக்‌ஷன் என்று கம்பியில் மின்சாரம் இல்லாத ஒரு துண்டு உண்டு. 500 மீட்டர், 250 மீட்டர் முன்னே பலகை இருக்கும். லோகோ பைலட் டி.ஜே. எனப்படும் எஞ்சினின் முதன்மை பிரேக்கரைத் திறந்து, ஓடுகிற வேகத்திலேயே அதைக் கடந்து, மறுபடி மூடுவார். மும்முனை உலகத்தின் எல்லைக் கோட்டை ரயில்காரர் நாள்தோறும் கையால் உணர்வது அங்கேதான். ஜப்பானியர்கள் 1964இல் ஷின்கான்செனுக்கு ஸ்காட்டின் பழைய இணைப்பையே எடுத்து, இரண்டு பக்கப் பாதைகளுக்கும் மூன்று முனையிலிருந்தும் பகிர்ந்து கொடுத்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ரயிலின் சுமை இரண்டு முனைகளுக்கு நடுவே இருப்பதால் அதில் சுழிவரிசை கிடையாது. ரயில் கம்பி அறுந்து தண்டவாளத்தில் விழுந்தாலும், கீழே அது எர்த் பழுது, மேலே 132 கிலோவோல்ட்டில் அது இரண்டு முனைப் பழுதாகத்தான் தெரியும். எதிர்வரிசையோ எந்த டெல்ட்டாவுக்கும் நிற்காது. கோணம் மாறுமே தவிர, ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரையும் தாண்டித் தொழிற்பேட்டையின் பம்பு வரை போகும். ஆகவே பட்டறைப் பக்கத்து 11 கிலோவோல்ட் பேனலில் இருக்கும் எர்த் ஃபால்ட் ரிலே ரயிலைப் பார்ப்பதே இல்லை. மோட்டார் பார்க்கிறது.

அந்த ரிலே எளிய பிராணி. மூன்று முனையின் மின்னோட்ட டிரான்ஸ்ஃபார்மர்களையும், அதாவது சி.டி.க்களையும், ஒன்றாகக் கட்டினால் சேர்ந்து வருவது சுழிவரிசையின் மூன்று மடங்கு. அதை ஒரு காயிலில் விட்டுவிட்டால் ஃபோர்ட்டெஸ்க்யூவின் சூத்திரத்தைத் தட்டு சுழன்றே போட்டுவிடும். சென்னைப் பல்லாவரத்தில் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் செய்த சி.டி.ஜி. ரிலேக்கள் நாடு முழுக்க இந்த வேலையைப் பார்த்தன. பழுது என்றால் கொடி விழும். ஷிஃப்ட்டில் இருப்பவர் எந்தக் கொடி என்று லாக் புத்தகத்தில் எழுதிவிட்டு ரீசெட் செய்வார். ஓவர்கரண்ட் பக்கத்தை ஃபீடர் சுமைக்கு மேல் வைக்கவேண்டும். எர்த் ஃபால்ட்டை 20 விழுக்காட்டில் வைக்கலாம், ஏனென்றால் ஒழுங்காக ஓடும் 11 கிலோவோல்ட் ஃபீடரில் சுழிவரிசை கிட்டத்தட்ட இல்லை. தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர்களின் டெல்ட்டா, வீட்டுச் சுமைகளின் கோணல் சுழிவரிசையாக மேலே ஏறாமல் பார்த்துக்கொள்கிறது.

இப்போது பாறைக்கு வருவோம். 200 ஆம்பியர் சி.டி.யில் 20 விழுக்காடு என்றால் 40 ஆம்பியர். 11 கிலோவோல்ட் கம்பி அறுந்து ஈர மண்ணில் விழுந்து 50 ஓம் தடை இருந்தால், முனைக்கும் மண்ணுக்கும் உள்ள 6,350 வோல்ட் அதில் சுமார் 125 ஆம்பியரை ஓட்டும், ரிலே பிடித்துவிடும். அதே கம்பி மே மாதத்தில் காய்ந்த கருங்கல் சரிவில் விழுந்தால்? தடை 500 ஓம் என்றாலே 13 ஆம்பியருக்கும் குறைவு. காய்ந்த பாறையில் அது இன்னும் பல மடங்கு ஏறலாம். கொடி விழாது, பிரேக்கர் திறக்காது, கம்பி உயிரோடு தரையில் கிடக்கும். தக்காணத்துப் பீடபூமியில் நல்ல எர்த் கிடைக்க லைன்மேன்கள் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் படும் பாடு இதே பாறையினால்தான். ஃபோர்ட்டெஸ்க்யூவின் கணக்கு இங்கேயும் தவறவில்லை. பழுதுத் தடையை மூன்று மடங்காக்கிச் சேர் என்று அது சொல்கிறது, சேர்த்தால் 13 வருகிறது. ஆனால் 13 ஆம்பியரை ஒரு தெருவின் சாதாரணச் சுமையிலிருந்து பிரித்தறிய அந்தக் கணக்கு வழி சொல்லவில்லை. கம்பி அறுந்து ஒரு முனை போய்விட்டால் எதிர்வரிசை நேர்வரிசையோடு ஒப்பிட எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் எண்ணியல் ரிலேக்கள் வந்திருக்கின்றன. ஃபீடரின் தொடக்கத்தில் அறுந்தால் அவை பிடிக்கும். கடைசிக் கம்பத்துக்கு அருகே, நாலு வீட்டுச் சுமை இருக்கும் இடத்தில் அறுந்தால், மேலே துணைமின் நிலையத்தில் அந்த விகிதம் அசைந்ததாகவே தெரியாது.

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் பழுது நடந்தால் மூன்று வலைப்பின்னல்களை எங்கே எப்படி இணைப்பது? 1931இல் இதற்குப் பதில் எழுதியவர், எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண். எடித் கிளார்க்கின் கதை அடுத்த வாரம்.